இந்தச் சுவரில் என்ன ஓடுகிறது

ஜூன் 3, திங்கள்

வேலை தொடங்கியது.

நான்கு தளம். தளத்துக்கு இரண்டு வீடு. லிஃப்ட் கிடையாது. எட்டு வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள், யாரும் காலி செய்ய மாட்டார்கள். அவர்கள் சமைத்து, குளித்து, மத்தியானம் தூங்கி எழுவதற்கு நடுவே நாங்கள் அவர்கள் சுவரை வெட்ட வேண்டும்.

சுவருக்குள் இருக்கும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. தண்ணீர் தேநீர் நிறத்தில் வருகிறது. பழைய குழாயைப் பிடுங்க முடியாது. அதை அப்படியே விட்டுவிட்டு, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தரைத்தளம் வரை ஒவ்வொரு சமையலறைச் சுவரிலும் காடி வெட்டிப் புதுக் குழாய் இறக்குகிறோம். காடி என்றால் சுவரில் வெட்டும் சின்ன வாய்க்கால். அது வேறு எதையும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மின்கம்பி, பழைய குழாய், யாரோ எப்போதோ புதைத்துவிட்டு மறந்த ஏதோ ஒன்று.

ஏழுமலை மேஸ்திரி வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்.

"வூட்ல மாசமா யாராச்சும் இருக்காங்களாம்மா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அந்த வூட்டு செவுத்துல கை வைக்க மாட்டோம்."

எட்டு வீட்டிலும் இல்லை என்றார்கள். தரைத்தளத்தில் சங்கச் செயலாளர் சபாபதி சார், "எனக்கு எழுபத்தொண்ணுப்பா. வீட்டுக்காரிக்கு அறுபத்தெட்டு. நீயே முடிவு பண்ணிக்க" என்றார்.

ஏழுமலை குடியிருப்பவர்களை மட்டுமே கேட்டார். பக்கத்தில் நின்ற என்னைக் கேட்கவில்லை.

ஆகவே நான் பொய் சொல்லவில்லை.


ஜூன் 4, செவ்வாய்

ஒரு முறை மட்டும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது முறை. என் கணவன் தினகருக்கும் எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். முதல் முறை, பரிசோதனைப் பட்டையில் கோடு தெரிந்த அன்றே அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அம்மா கும்பகோணத்தில் தெருவுக்கே சொன்னாள். பிறகு அதே தெருவுக்கு, வீடு வீடாக, வேறொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை தினகர் வீட்டில் மட்டும் சொன்னோம். அதற்கும் அதே கதி. மாதக் கடைசியில் மூன்றாம் மாத ஸ்கேன். போன இரண்டு முறையும் அந்த மேசை வரை போகவே இல்லை. இந்த முறை அந்த மேசையிலிருந்து இறங்கிய பிறகுதான் மற்றவர்களுக்கு.

கட்டடப் பொறியியலில் முதுகலை படித்திருக்கிறேன். சுவரை இடித்தால் கருவுக்கு ஆகாது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இனி இந்த நாட்குறிப்பில் வேலையைப் பற்றி மட்டும்.

இன்று, பூட்டியிருந்த ஒரு வீட்டைத் தவிர, வீடு வீடாகப் போய்க் கேட்டேன். இந்தச் சமையலறைச் சுவத்துல என்ன ஓடுது?

"தண்ணி ஓடும்." "கரண்ட் ஓடும். அப்பப்ப நிக்கும்." மூன்றாம் தளத்தில் ஒருவர், "எலி."

கட்டியவரின் வரைபடம் சபாபதி சாரிடம் இருந்தது. அதில் ஒரு வீட்டுக்கு இரண்டு பால்கனி. கட்டடத்தில் ஒன்றுதான்.


ஜூன் 6, வியாழன்

அமாவாசை. யாரும் உள்ளே விடவில்லை. மொட்டை மாடியில் காக்கைகளுக்கு எட்டு வீட்டுச் சோறு. தண்ணீர்த் தொட்டியில் ஒரு வடை மிதந்தது. எடுத்துவிட்டோம்.


ஜூன் 8, சனி

சுவருக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் கருவி ஒன்றை நிறுவனம் கொடுத்திருக்கிறது. டிடெக்டர். சமையலறைச் சுவரில் வைத்தேன். கத்தியது. ஒரு சாண் தள்ளி வைத்தேன். கத்தியது. தரையிலிருந்து தலைக்கு மேல் வரை, எங்கே வைத்தாலும் கத்தியது.

ஏழுமலை சுவரை முட்டியால் தட்டினார். "உள்ள கோழிவலை மேடம். பூச்சு வெடிக்காம இருக்க அந்தக் காலத்துல செவுரு பூரா அடிச்சிருக்கான். இந்தப் பொட்டி கோழியத்தான் கண்டுபுடிக்கும்."

கம்பி வலையின் பின்னால் எது இருந்தாலும் வலையாகத்தான் கேட்கும். ஆகவே கருவி இல்லை. வரைபடம் இல்லை. மனிதர்களுக்குத் தெரியாது.

உளிதான். மேல் பூச்சைக் கையால் மெல்லத் திறந்து, வலையை வெட்டி, உள்ளே பார்த்துவிட்டு, பிறகு காடி வெட்டும் மெஷின். ஆடிக்குள் முடிக்க வேண்டிய வேலைதான், ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் இதே முறை என்று சொல்லிவிட்டேன்.

"உளியில போனா ஆடி இன்னா மேடம், தீபாவளியே வந்துரும்."

"வரட்டும்."


ஜூன் 11, செவ்வாய்

மூன்றாம் தளம். சுவிட்ச் பெட்டியிலிருந்து கம்பி செங்குத்தாக இறங்கும் என்றுதான் எல்லாரும் நம்புகிறோம். உளியால் திறந்ததில் கம்பி மூலைக்கு மூலை சாய்வாகப் போயிருந்தது. யாரோ இரண்டு முழம் மிச்சம் பிடித்திருக்கிறார். மெஷின் ஓடியிருந்தால் நேராக அதன் மேல்.

ஏழுமலை பார்த்தார். அதன் பிறகு உளியைப் பற்றிக் கிண்டல் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "நீங்க ஏன் மேடம் ஹாலாண்டயே நிக்கறீங்க?"

"இங்கிருந்து பார்த்தா கோடு நேரா இருக்கறது தெரியுது."

"செரி" என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அதனால்தான் தள்ளி நிற்கிறேன்.

மத்தியானம் ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. எந்த வீட்டுடையது என்று தெரியவில்லை. உட்கார்ந்தேன்.


ஜூன் 13, வியாழன்

இரண்டாம் தளம், இடப்பக்கம். புஷ்பலதா. அறுபதை ஒட்டிய வயது. தனியாக இருக்கிறார். மகள் ஹேமா ஓசூரில்.

நான் பார்த்ததிலேயே சுத்தமான சமையலறை. கறுப்புக் கல் மேடை. அடுப்பு தென்கிழக்கு மூலையில். சிலிண்டர் எதிர்ப்பக்கம் பால்கனியில், பூட்டுப் போட்ட இரும்புக் கூண்டில். புதுக் காடி இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் இறங்க வேண்டும். சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தேன்.

எண்ணெயில் பெருங்காயம் விழுந்தது.

ஃபோன் வந்தது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். படிக்கட்டு ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது புஷ்பலதா மோரும், ஒரு சின்னத் தட்டில் நார்த்தங்காயும் வைத்திருந்தார். என் கையைப் பார்த்தார். கையில் ஃபோன் இல்லை.

"இந்தச் சுவத்துல என்ன ஆன்ட்டி ஓடுது?"

"ஒண்ணுமில்லம்மா. வெறும் செங்கல்."

மற்ற ஏழு வீட்டிலும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இவர் ஒருவர்தான் இல்லை என்று சொன்னார். தெளிவான பதில். நிம்மதியாக இருந்தது.

சமையலறைக்குள் மறுபடி போகவில்லை. தேவைப்படவில்லை.


ஜூன் 14, வெள்ளி

நார்த்தங்காய் தங்கியது. வேறெதுவும் தங்கவில்லை.


ஜூன் 18, செவ்வாய்

வலப்பக்கத்து நான்கு வீடும் முடிந்தன. இடப்பக்கத்தில் மேல் வீடு மட்டும். அதற்குக் கீழே புஷ்பலதா கதவைத் திறக்க மறுக்கிறார். அதாவது திறக்கிறார், மோர் கொடுக்கிறார், ஆனால் வெட்ட விடுவதில்லை. முதல் நாள் விருந்தாளி. மறுநாள் அப்பளம் காய்கிறது, தூசி படும். இன்று ஓசூர் கிளம்புவதாக இருந்தார். மாலையில் அதே புடவையில் காய்கறி வாங்கிக்கொண்டு எதிரே வந்தார்.

"அந்தம்மா செவுத்துல பொதையல் கீது மேடம்" என்றார் ஏழுமலை. "நீங்க வேணா பாருங்க, ஒடைச்சா பாதி எனக்கு."

இரண்டாம் தளத்துக்கு ஏற இரண்டு முறை நிற்கிறேன். வெயில்.


ஜூன் 21, வெள்ளி

சபாபதி சார் என்னைக் கூப்பிட்டு நாட்காட்டியைக் காட்டினார். "ஆடி பொறந்தாச்சுன்னா இந்த ஜனங்க ஒரு ஆணி அடிக்க விடமாட்டாங்க. ஒரு மாசம் போயிடும். ஒரு அம்மாவுக்காக மூணு வீடு இந்தக் காவித் தண்ணியில குளிக்கணுமா?"

அந்த மூன்றில் ஒன்று அவருடையது.

அவர் எழுதிய விதிகள் படிக்கட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கின்றன. மொட்டை மாடியில் புறாவுக்குத் தீனி போடக் கூடாது. பால்கனியிலிருந்து போர்வை உதறக் கூடாது. சங்கத்தின் அனுமதி இல்லாமல் சமையலறையில் அடுப்பையோ குழாயையோ இடம் மாற்றக் கூடாது, மீறினால் பழையபடி மாற்றி வைக்க வேண்டும். கடைசி விதி, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்த பிறகு வந்தது.

அவரே மாடி ஏறிப் போய்ப் புஷ்பலதாவிடம் சொல்லிவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை வெட்டவில்லை என்றால் குழாயை வெளிச்சுவர் வழியே கீழே இறக்கிவிடுவார்கள், அந்த வீட்டுக்கு மட்டும் இணைப்பு கிடையாது.

வெள்ளிக்கிழமை ஸ்கேன். இந்த வரியை வேலைத் திட்டத்துக்காக எழுதுகிறேன். அன்று விடுப்பு.


ஜூன் 25, செவ்வாய்

முதலில் நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையிலிருந்தே எனக்குச் சரியில்லை. புஷ்பலதா வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது, ஆனால் பெருங்காயம் சுவரிலேயே ஊறியிருந்தது. உளியால் திறந்தால் அரை நாள் அங்கே நிற்க வேண்டும். மெஷின் என்றால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அவர்தான் ஒன்றுமில்லை என்று உறுதியாகச் சொன்னாரே.

"நேரா மெஷின் போட்டுடலாம் மேஸ்திரி."

ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார். "உளி?"

"வேண்டாம்."

மின்சுவிட்சை நிறுத்தச் சொன்னேன். தண்ணீரை மூடச் சொன்னேன். மெஷினுக்கு மட்டும் ஹாலிலிருந்து ஒரு இணைப்பு. சிலிண்டரைப் பற்றிக் கேட்கவில்லை. பால்கனியில் இருக்கும் சிலிண்டருக்கும் இந்தச் சுவருக்கும் என்ன சம்பந்தம்.

புஷ்பலதா ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நிலைப்படியில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"இந்தப் பொண்ணு இங்கதான் நிக்கணுமா?" என்று ஏழுமலையிடம் கேட்டார்.

"அவங்க ஹால்ல சேர்ல குந்தியிருக்காங்கம்மா. நீங்க கொஞ்சம் நவுருங்க."

மேடையைத் துடைத்த ஈரத்தில் சாக்பீஸ் கோடு பாதி அழிந்திருந்தது. ஏழுமலை மெஷினைத் தோளுயரத்தில் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். "மேடம், கோடு போயிடுச்சு. ஒரு தடவ வந்து காமிச்சிட்டுப் போயிடுங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சுவரில் விரல் வைத்தேன். இங்கிருந்து, நேர் கீழே, மேடை வரைக்கும். அவர் தலையாட்டிவிட்டு விசையை அழுத்தினார். நான் விரலை எடுத்து விலகக்கூட இல்லை. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தோம். புஷ்பலதா ஹாலில், கையில் மெஷினின் பிளக்.

"அவ அங்க நிக்கறப்ப வேணாம்."

"இதோ வந்துட்டேன் ஆன்ட்டி" என்று ஹாலுக்கு நகர்ந்தேன்.

பிளக்கை அவர் தரவில்லை. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "நீ வந்துட்டா அவர் வெட்டிடுவாரு." குரல் இறங்கியது. "வெட்ட வேணாம்பா. அதுல கேஸ் ஓடுது."

ஏழுமலை மெஷினை ஒரு குழந்தையைப் போலத் தரையில் கிடத்தினார். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா, செவுத்துல குண்ட வெச்சிக்கினு எங்களுக்கு மோரா ஊத்திக் குடுத்தீங்க?"

நான் சாவி வாங்கி, பால்கனிக்குப் போய்க் கூண்டைத் திறந்தேன். சிலிண்டர் திறந்தேதான் இருந்தது. மூடினேன். கை முதலில் தவறான பக்கம் திருப்பியது. ஜன்னல்களைத் திறந்தேன். திரும்பும்போதுதான் கண்ணில் பட்டது. சிலிண்டர் இந்தப் பக்கம். அடுப்பு அந்த மூலை. நடுவே ஒரு ரப்பர் குழாய்கூட வெளியே இல்லை. பதின்மூன்றாம் தேதியே பார்த்தேன். இதே நாட்குறிப்பில் அடுத்தடுத்த வரிகளில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்தச் சமையலறையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

புஷ்பலதா சொன்னார். ஹேமாவுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் போயும் ஒன்றும் தங்கவில்லை. யாரோ ஒரு வாஸ்துக்காரர் வந்து, தாய் வீட்டு அடுப்பு அக்னி மூலையில் இல்லை, அதுதான் குறை என்றார். அடுப்பைத் தென்கிழக்குக்கு மாற்றினார்கள். சிலிண்டர் வைக்க அங்கே இடமில்லை. சுவர் மேலேயே செப்புக் குழாயை ஓட்டினால் அசிங்கமாக இருக்கும் என்று உள்ளே புதைத்துப் பூசிவிட்டார்கள். அடுத்த வருஷம் பேரன்.

"இப்ப ஃபோர்த் படிக்கிறான்" என்றார். "சபாபதிக்குத் தெரிஞ்சா அடுப்பப் பழைய எடத்துக்கே கொண்டாம்பாரு. கொண்டாந்தா."

பிளக்கின் வயரைக் கையில் சுற்றினார்.

"ஃபோர்த் படிக்கிற பையனை இனிமே அடுப்பு என்ன செய்யும் ஆன்ட்டி?"

"எனக்கும் தெரியும். நீ மட்டும் பெரிய படிச்சவ மாதிரி பேசாத. இத்தன நாளா நீ எதுக்கு ஹாலோட நின்ன?"

கூண்டுச் சாவியை அவரிடம் நீட்டினேன்.

"இங்க பாரு. நீ போய் அந்தாளுகிட்ட என் அடுப்பப் பத்திச் சொன்னியோ, நான் மேஸ்திரிகிட்ட உன் விஷயத்தச் சொல்லிடுவேன்."

சமையலறைத் தரையிலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. "மேஸ்திரிக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரியும். நான் வாசல்ல நின்னு கேக்க சொல்ல எட்டு வாட்டியும் மேடம் தரையப் பாத்தாங்க. சேர் தானா நடந்து வந்துச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தாங்களா?"

"தெரிஞ்சும் ஏன் வேலையை நிறுத்தல?" என்று கேட்டேன்.

"இது இன்னா உங்க வூடா? சாஸ்திரம் அவங்கவங்க வூட்டு செவுத்துக்குத்தான். ஆனா கிட்ட வர உட்டதில்ல, பாத்துக்கங்க. இன்னிக்கித்தான் கோடு காட்டக் கூப்ட்டு தப்பு பண்ணிட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணில் சிமெண்ட் தூசி விழுந்துவிட்டது. மெஷின் சுவரைத் தொடவே இல்லை, தூசி எங்கிருந்து வந்தது என்று இருவரும் கேட்கவில்லை.


ஜூன் 26, புதன்

தினகரிடம் முழுவதையும் சொன்னேன். மெஷின் போடச் சொன்னது நான்தான் என்பதையும்.

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு, "அந்த அம்மா வீட்டுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போகணும். என்ன வாங்கலாம்?" என்றான்.

"பெருங்காயம் வேண்டாம்."

மாலையில் சபாபதி சாரிடம் போனேன். இரண்டாம் தளத்துச் சுவரில் கேஸ் குழாய் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எதற்காக என்று அவர் கேட்டார். அது எனக்குத் தேவையில்லாத விவரம் என்றேன்.

"விதிப்படி பழையபடி மாத்தணும்."

"விதியில 'அனுமதி இல்லாமல்'னுதானே சார் இருக்கு. இப்ப அனுமதி குடுத்துடுங்க."

கண்ணாடியைக் கழற்றினார். தன் விதியைத் தானே மறுபடி மனத்துக்குள் படிப்பது தெரிந்தது. "உள்ள இருக்கக் கூடாது. வெளியில தெரியற மாதிரி இருந்தா சரி."

"தெரியற மாதிரிதான் சார்."

புஷ்பலதாவிடம் போய்ச் சொன்னேன். அடுப்பு அங்கேயே இருக்கலாம். கதவை அகலத் திறந்தார். "மோர் இருக்கு. குடிச்சிட்டுப் போ" என்றார்.


ஜூன் 28, வெள்ளி

இருக்கிறது.

அந்த மேசை குளிர்ந்திருந்தது. டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பிறகு ஒலியைக் கூட்டினார். குதிரை ஓடுவது போல இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு உளிச் சத்தமாகக் கேட்டது. சின்ன உளி. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு, ஆடி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்பது போல வேகவேகமாக.

தினகர் டாக்டருக்கு நன்றி சொன்னான். பிறகு ரிசப்ஷனில் நன்றி சொன்னான். பிறகு லிஃப்ட்டில் ஒருவருக்கு.


ஜூலை 2, செவ்வாய்

உரிமம் உள்ள கேஸ்காரரை வரவழைத்து, சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்து, உளியால் திறந்தோம். நான் நாற்காலியில். நாற்காலி இப்போது பகிரங்கமாக வருகிறது.

செப்புக் குழாய் சுவரின் குறுக்கே, மேடைக்கு ஒரு சாண் உயரத்தில் போயிருந்தது. என் சாக்பீஸ் கோடு அதைக் கடந்த இடத்தில் ஒரு இணைப்பு. மேலே சுற்றிய டேப் மக்கி, தொட்டதும் தூளாக உதிர்ந்தது. கேஸ்காரர் அந்தத் துண்டை அறுத்து என் கையில் கொடுத்தார். கனமே இல்லை.

புதுக் குழாய் இப்போது சுவருக்கு வெளியே ஓடுகிறது. மஞ்சள் பெயின்ட் அடித்து, இடைவெளி விட்டுச் சுவரோடு பிடிக்கும் கவ்வி போட்டு. பால்கனிப் பக்கம் ஒரு வால்வு, அடுப்புப் பக்கம் ஒரு வால்வு.

"அசிங்கமாத்தான் இருக்கு" என்றார் புஷ்பலதா. மாலையில் பார்த்தபோது அதில் கைத்துணியைக் காயப் போட்டிருந்தார். எடுக்கச் சொன்னேன். எடுத்தார். நான் படியிறங்கியதும் மறுபடி போட்டிருப்பார்.


ஜூலை 5, வெள்ளி

மீதி இரண்டு வீடு. இந்த முறை சுவரில் என்ன ஓடுகிறது என்று கேட்கவில்லை.

"இந்த வீட்டுக்கு வந்த பிறகு எதையாவது இடம் மாத்தினீங்களா? அடுப்பு, சாமி அலமாரி, குழாய், ஏதாவது? ஏன்னு கேக்க மாட்டேன்."

முதல் தளத்தில் பள்ளி ஆசிரியை சாமி அலமாரியைக் கிழக்குச் சுவருக்குக் கொண்டு போயிருந்தார். குட்டி விளக்குக்காக ஒரு மின்கம்பி, பூச்சுக்கு அடியில், நாங்கள் வெட்டவிருந்த கோட்டின் மேலேயே. அவர் விரலால் தடவிக் காட்டினார். மகனுக்கு வேலை கிடைப்பதற்காக மாற்றியதாம். கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. "இன்னும் இல்ல" என்று அவரே சொன்னார்.

தரைத்தளத்தில் அதே கேள்வியைச் சபாபதி சாரிடம் கேட்டேன். செய்தித்தாளை மடித்தார். விரித்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி, "சொல்லுங்களேன்" என்றார்.

"பாத்திரம் கழுவற தொட்டிய மாத்தினோம்" என்றார். "ஈசானியத்துல தண்ணி இருக்கணும்னாங்க. இவளுக்கு ஆபரேஷன் சமயம்."

"சங்கத்து அனுமதி, சார்?"

"செயலாளர் குடுத்தாரு."

ஏழுமலை அவசரமாக வெளியே போனார். வாசலில் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

தொட்டிக்குப் போன குழாய் சரியாக எங்கள் கோட்டின் குறுக்கே. காடியை ஒரு முழம் நகர்த்தினோம்.

இரண்டு வீட்டிலும் ஏன் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வீட்டிலும் எங்கே என்பதைவிட ஏன் என்பதைத்தான் அதிக நேரம் சொன்னார்கள்.


ஜூலை 9, செவ்வாய்

பூச்சு வேலை. எழுத ஒன்றுமில்லை. பசித்தது. இரண்டு முறை சாப்பிட்டேன்.


ஜூலை 14, ஞாயிறு

ஆடிக்கு மூன்று நாள் முன்பே முடித்துவிட்டோம்.

மொட்டை மாடியில் ஏழுமலை வால்வைத் திறந்தார். "வுட்டுட்டேன்" என்று மேலிருந்து கத்தினார். நான் புஷ்பலதா வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். குழாய் முதலில் இருமியது. காற்று. பிறகு சுவரில் வெட்டிய சிமெண்ட்தூளுடன் கொஞ்சம் வெள்ளையாக. பிறகு தெளிந்தது. அவர் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். டம்ளரில் பார்த்தால் என்ன தெரியும். அப்புறம் கண்ணாடி டம்ளரை எடுத்தார்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல ஆன்ட்டி."

"அடிப்பாவி. என் ரகசியத்த மட்டும் சுவத்துலேர்ந்து தோண்டி எடுத்தல்ல."

படிக்கட்டில் உட்கார்ந்து ஃபோன் செய்தேன். சுற்றி வளைத்துப் பேசலாம் என்றிருந்தேன். வெயில், தண்ணீர், வேலை முடிந்தது. அம்மா எடுத்ததும் நேராகச் சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுத்ததையும், துடிப்பு கேட்டதையும்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சுவது.

"ஏன்டி, இத்தன நாளா மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு அந்தச் சுவர இடிக்கற எடத்துலயா நின்ன?"

"இடிக்கலம்மா. இடிக்காம பாத்துக்கிட்டேன்."

"சாப்பிடறியா?"

"ரெண்டு வேளைக்கு நாலு வேளை."

பிறகு அம்மா மிகவும் மெதுவாக, ஒரு சின்னப் பெண் கேட்பது போல, "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். மொத தடவ மாதிரி இல்ல. வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள்.

மேலே ஏழுமலை படியிறங்கும் சத்தம் கேட்டது. எட்டு வீட்டிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"சொல்லும்மா" என்றேன்.

"நெசமாவா?"

"எல்லாருக்கும் சொல்லு."

அம்மா ஃபோனை வைக்கவில்லை. செருப்பை மாட்டுவதும், வாசல் கதவின் தாழ்ப்பாளை விலக்கித் தெருவில் இறங்குவதும் காதில் கேட்டன.